சித்தி வீட்டு விலாசம்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான், வாலு, எப்போதாவது வீட்டுக்கு வந்து முகம் காட்டுகிற உன் லாரிக்கார அத்தான், மூன்று பேரும் சௌக்கியம். உன் வயிற்று எரிச்சல் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடாமல் டீயிலேயே காலம் தள்ளுகிறாய் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று பதில் எழுதாதே, நம்ப மாட்டேன்.

ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் வீடுகள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. நாங்கள் குடிவந்தபோது நாற்பது வீடு. இப்போது நூற்று அறுபதைத் தாண்டிவிட்டது. எல்லாரும் எங்கள் துணி ஆலையிலும் அடுத்திருக்கிற டயர் ஆலையிலும் வேலை பார்க்கிறவர்கள். குழாய் இரண்டு வந்துவிட்டது, தெருவிளக்கு மூன்று வந்துவிட்டது. பள்ளிக்கூடம்தான் வரக் காணோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ வந்திருந்தபோது, டவுன் பள்ளிகளில் டவுன் பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள் என்று சொல்லி, வாலுவின் சேர்க்கைப் படிவத்தில் சித்தி வீட்டு விலாசத்தை உன் கையாலேயே எழுதிக் கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? அந்த யோசனை இங்கே தீயாகப் பரவிவிட்டது. ஒவ்வொருத்தியாக வந்து கெஞ்சினார்கள். எனக்கும் மனசு கேட்கவில்லை. இன்றைக்கு சித்தி வீட்டு விலாசத்தில் மட்டும் பத்தொன்பது பிள்ளைகள் மூன்று பள்ளிகளில் படிக்கிறார்கள். இரண்டு அறை வீட்டில் ஒண்டிக்கட்டையாக இருக்கிற சித்தியிடம் இதைச் சொன்னேன். "பத்தொம்பது பேரு இருக்கீங்க, ஒருத்தியாவது வந்து ஒரு டம்ளரைக் கழுவி வெச்சீங்களா?" என்றாள். மற்றவர்கள் மாமன் வீடு, மச்சான் வீடு, தெரிந்தவர் சலூன், ஒரு கிடங்குக் காவலாளியின் அறை என்று ஆளுக்கொரு விலாசம் பிடித்துக்கொண்டார்கள். காகிதத்தைப் பார்த்தால் நாங்கள் எல்லாரும் பரம்பரை டவுன்வாசிகள்.

வாலு காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறாள். இரண்டு பஸ் மாற வேண்டும். வீடு திரும்ப மாலை ஆறு ஆகிவிடுகிறது. எட்டு வயசுப் பிள்ளை சாப்பிடும்போதே தூங்குகிறது. நேற்று தட்டிலேயே தலை சாய்ந்துவிட்டது. எச்சில் கையைத் துடைத்துவிட்டு அப்படியே தூக்கிப் போய்ப் படுக்க வைத்தேன். பெயர்தான் வாலு, வால்தனம் பண்ணக்கூட அவளுக்கு நேரமில்லை.

நகரத்துக்கு நான்கு புதிய அரசுப் பள்ளிகள் வரப்போகின்றன என்றும், எங்கே கட்டுவது என்பதை உங்கள் தலைமை அலுவலகம்தான் முடிவு செய்யும் என்றும் ஆலையில் பேசிக்கொள்கிறார்கள். நிஜமா? நிஜமென்றால், இந்தப் பக்கமும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று யார் காதிலாவது போட்டு வை.

வழக்கம்போல் பதிலுக்கு ஒரு மாதம் காக்க வைக்காதே.

உன் அக்கா

•

பிப்ரவரி 12

அக்காவுக்கு,

நான் சுகம். வயிறும் சுகம். (நம்ப மாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.) உன் முழங்கால் வலி பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. அதனால் அதிகமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீ கேள்விப்பட்டது நிஜம்தான். எங்கள் வரைபடப் பிரிவில் நான்கு மேஜைகளை ஒன்றாகப் போட்டு உங்கள் நகரத்தை விரித்து வைத்திருக்கிறோம். ஒன்பது இடங்கள் பள்ளி கேட்கின்றன, கட்டப்போவது நான்கு. அதிகாரி நல்ல மனுஷர்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேஜை முழுக்கத் தேடுவார், அதனால் அவருக்கு இங்கே நெற்றிக்கண் என்று பெயர். யார் சிபாரிசும் அவரிடம் எடுபடாது. எண்ணிக்கை, எண்ணிக்கை, எண்ணிக்கை. அது ஒன்றுதான் அவருக்கு வேதம்.

நகரத்துப் பள்ளிப் பதிவேடுகள் எல்லாம் வந்திருக்கின்றன. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வீட்டு விலாசத்தில் வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது. சித்தி வீட்டின் மேல் பத்தொன்பது புள்ளி வைத்தேன். வைக்க இடமில்லாமல் மை ஊறி, அந்த இடத்தில் காகிதமே பொத்துப்போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர், "என்னய்யா, அது வீடா விடுதியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். உங்கள் குடியிருப்பில் ஏழு புள்ளிதான் விழுந்தது, எந்தப் பள்ளியிலோ விதிவிலக்காக இடம் கிடைத்த பிள்ளைகள் போலிருக்கிறது.

அதற்கப்புறம் சிரிக்க முடியவில்லை அக்கா. வரைபடத்தில் நாங்கள் போடுகிற ஒரு வட்டத்துக்குள் நூற்றிருபது பிள்ளைகள் தேறினால்தான் அங்கே பள்ளி. ஏழு புள்ளியை வைத்துக்கொண்டு நான் என்ன பேசுவேன்? ஆனால் மனசைத் தளரவிடாதே. இன்னும் நாள் இருக்கிறது. அலுவலக விஷயம், வெளியே சொல்லாதே.

வாலுவை ஒரு வரியாவது எனக்கு எழுதச் சொல்.

தம்பி

•

மார்ச் 1

அக்காவுக்கு,

அவசரம். சௌக்கியம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

இன்று தட்டச்சு செய்கிறவர் மேஜையில் ஓர் உத்தரவைப் பார்த்தேன். முதல் பக்கம் மட்டும்தான் கண்ணில் பட்டது. உங்கள் நகரத்தில் வீடு வீடாகப் போய் விலாசங்களைச் சரிபார்க்க ஆட்கள் வருகிறார்கள். இந்த வாரமோ அடுத்த வாரமோ, தேதி தெரியவில்லை. பதிவேட்டில் டவுனில் இருப்பதாகச் சொல்லப்பட்ட பிள்ளை உங்கள் குடியிருப்பில் கண்ணில் பட்டால் அவ்வளவுதான், இருக்கிற இடமும் போய்விடும். வாலுவின் படிவத்தில் இருப்பது என் கையெழுத்து.

எல்லாரிடமும் சொல்லி வை. ஆட்கள் வருகிற நாளில் ஒரு பிள்ளைகூட அவர்கள் கண்ணில் படக்கூடாது. கேட்டால் பிள்ளைகள் டவுனில் இருக்கிறார்கள் என்றே சொல்லுங்கள்.

தம்பி

•

மார்ச் 5

அக்காவுக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. நான் ஒரு மடையன்.

இன்று அந்த உத்தரவு முழுவதும் என் கைக்கு வந்தது. அவர்கள் யாரையும் பிடிக்க வரவில்லை. பதிவேட்டு விலாசங்களை நம்ப முடியாது, நேரில் போய்ப் பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டு வாருங்கள் என்று நெற்றிக்கண்ணே எழுதியிருக்கிறார். எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள் என்று கேட்கக்கூடாது என்று இரண்டாம் பக்கத்தில் தனியாகவே போட்டிருக்கிறார். வீட்டில் எத்தனை பிள்ளை, என்ன வயசு, அவ்வளவுதான். பள்ளிக்காகத்தான் அக்கா இந்த எண்ணிக்கை. உங்கள் பிள்ளைகளுக்காகத்தான்.

ஒரு பிள்ளை விடாமல் வாசலில் நிறுத்துங்கள். கைக்குழந்தையைக்கூட இடுப்பில் வைத்துக் காட்டுங்கள். நூற்றிருபது தலை தேறினால் உங்கள் பக்கம் பள்ளி நிச்சயம். எனக்குத் தெரிந்து அதற்கு மேலேயே தேறும்.

தந்தி அடிக்கலாம் என்று தபால் நிலையத்தில் போய் நின்றேன். என்னவென்று அடிப்பது? பிள்ளைகளை ஒளிக்காதே என்றால், ஒளிக்கச் சொன்னது யார் என்று அங்கே எவராவது கேட்டுவிட்டால்? பயம் வந்துவிட்டது. அதனால் விரைவுத் தபாலில் இதைப் போடுகிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுது.

தம்பி

•

மார்ச் 7, ஞாயிறு மாலை

என் கெட்டிக்காரத் தம்பிக்கு,

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். சமயத்தில் எழுதினாய். நான்காம் தேதி உன் கடிதம் வந்தது. நேற்று மைக் கட்டின வண்டி ஒன்று வந்து, நாளைக் காலை அரசாங்க ஆட்கள் வருகிறார்கள், எல்லாரும் வீட்டில் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. எதற்கு என்று சொல்லவில்லை. நமக்குத்தான் தெரியுமே!

நேற்று மாலையே குழாயடியில் கூடிப் பேசினோம். இன்று காலையில் பிள்ளைகள் எல்லாரையும் பழைய செங்கல் சூளைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். நானும் இன்னும் ஐந்து பேரும் காவல். ஒன்று தொலைந்தாலும் பெற்றவளுக்கு யார் பதில் சொல்வது? அதனால் போகும்போது ஒரு தடவை, அங்கே ஒரு தடவை, அவர்கள் திரும்பி வந்ததும் ஒரு தடவை எண்ணினேன். நூற்று முப்பத்தாறு. மூன்று தடவையும் சரியாக வந்தது. ஆலையில் சட்டைகளை எண்ணிச் சரிபார்க்கிற கை இல்லையா?

பிள்ளைகளைச் சூளையில் மற்ற ஐந்து பேரிடம் விட்டுவிட்டு, வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். கொடிகளில் சின்னத் துணி ஒன்று இல்லை. வாசல்களில் சின்னச் செருப்பு இல்லை. மூன்று சக்கர சைக்கிளைக் கட்டிலுக்கடியில் தள்ளிப் போர்வையைத் தொங்கவிட்டிருந்தார்கள். வந்தது ஓர் ஆளும் ஓர் இளம்பெண்ணும். அந்தப் பெண் எமகாதகி. டயர் ஆலைக்காரி வீட்டுச் சுவரில் அ, ஆ, இ என்று கிறுக்கியிருப்பதைப் பார்த்து, "இதை யாருங்க எழுதினது?" என்றாள். இவள் அசரவில்லை. "நான்தாங்க. இப்பதான் எழுதப் படிக்கக் கத்துக்கிறேன்" என்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமுவது மாதிரி நடித்தேன்.

கடைசியில் என் வீட்டு வாசலில் நின்று அந்தப் பெண், "இவ்வளவு வீடு இருக்கு, பிள்ளைங்களே இல்லைன்னா எப்படிங்க?" என்று கேட்டாள்.

"இங்க பள்ளிக்கூடம் இல்லையேம்மா, எப்படி வெச்சுக்கிறது? எல்லாத்தையும் டவுன்ல சொந்தக்காரங்க வீட்ல விட்டுட்டோம்" என்றேன்.

"பாவம்" என்றாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். குடித்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டாள். சூளையில் வாலுதான் சின்னதுகளுக்கு வாத்தியாராம். செங்கல் தூளால் தரையில் கணக்குப் போட்டு ஒரு குரல் எழாமல் பார்த்துக்கொண்டாளாம். வீட்டுக்கு வந்ததும், "அம்மா, இன்னிக்கு பஸ்ஸே ஏறாம பள்ளிக்கூடம் போயிட்டு வந்தேன்" என்கிறாள்.

எல்லாரும் உன்னை வாழ்த்துகிறார்கள். உன் பெயரைச் சொல்லவில்லை, பயப்படாதே. பெரிய இடத்திலிருந்து தகவல் வந்தது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா

•

மார்ச் 10

தம்பிக்கு,

உன் இரண்டாவது கடிதம் நேற்று வந்தது.

மூன்று தடவை படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுபடியும் ஒருமுறை வரச் சொல்ல முடியுமா? நான் பொய் சொன்னதாக எழுதித் தருகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். கேட்டுப் பார்.

அக்கா

•

மார்ச் 22

அக்காவுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். நான்கு தாள் வீணானது. இது ஐந்தாவது.

எண்ணிக்கை வந்துவிட்டது. உங்கள் குடியிருப்பு: வீடுகள் நூற்று அறுபத்து நான்கு, பிள்ளைகள் ஏழு. பதிவேட்டிலும் ஏழு, நேரிலும் ஏழு. நெற்றிக்கண்ணுக்கு அதில் அவ்வளவு திருப்தி. "பாத்தீங்களா, சில இடத்துல பதிவேடும் சரியாத்தான் இருக்கு" என்றார்.

அந்த ஏழு யாருடைய பிள்ளைகள் என்று எனக்குப் புரியவேயில்லை. கல் உடைக்கிற பக்கம், தனியாக இருக்கிற வீடுகளுக்கு உங்கள் செய்தி போயிருக்காது என்று நினைக்கிறேன்.

மறுபடி எண்ணச் சொன்னால் காரணம் கேட்பார்கள். நீ எழுதித் தர வேண்டாம். நீ எழுதினால் இன்றைக்குப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிற நூற்றுச் சொச்சம் பிள்ளைகளும் மாட்டிக்கொள்வார்கள். கொஞ்சம் பொறு. நான் ஒரு வழி பார்க்கிறேன். நூற்று முப்பத்தாறு என்று நீ எழுதிய கடிதம் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. தினமும் அதைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

சாப்பிடுகிறாயா? நான் சாப்பிடுகிறேன்.

தம்பி

•

ஜூன் 24

தம்பிக்கு,

எழுதி மூன்று மாதம் ஆகிவிட்டது. உன் கடிதம் வந்தது. முழங்காலுக்கு நீ அனுப்பிய தைலமும் வந்தது. உனக்கு நல்ல சுகத்தைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

நான்கு பள்ளிகளும் எங்கே என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று மேம்பாலத்துக்குப் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு. ஆலை பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. காலையில் தனியார் பள்ளி வேன்கள் வரிசையாக வந்து அங்கிருக்கிற பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறேன். போகட்டும். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

இப்போது வேறு ஒன்று முளைத்திருக்கிறது. பள்ளி திறந்ததும் எங்கள் பிள்ளைகள் படிக்கிற மூன்று பள்ளிகளிலும் விலாசச் சோதனை ஆரம்பித்துவிட்டது. மேலேயிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறதாம். பதிவேட்டில் இருக்கிற வீட்டுக்குப் பள்ளி உதவியாளர் சாயங்காலம் நேரில் போய், பிள்ளை அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறார். சித்தி வீட்டுக்கும் போனார். "பத்தொன்பது பிள்ளைங்க இருக்கணுமே, எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். "கடைக்குப் போயிருக்காங்க" என்றாளாம் சித்தி. "பத்தொன்பது பேருமா?" "பெரிய கடை" என்றாளாம். இதைச் சொல்லும்போது அவளுக்கும் சிரிப்பு வந்தது, எனக்கும் வந்தது.

இதுவரை எண்பத்தோரு பிள்ளைகளின் பெயரை அடித்துவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களுக்கு இந்த மாதக் கடைசி வரை கெடு. விலாசத்தில் இருக்கிற வீட்டில் நிஜமாகவே தங்கினால் விட்டுவிடுவார்களாம்.

எங்கள் குடியிருப்பைப் பற்றி யாரோ மேலே எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று பள்ளி எழுத்தரே சொன்னார். உனக்கு அங்கே ஏதாவது தெரிகிறதா? தெரிந்தால் எழுது.

வாலு இருக்கிறாள்.

அக்கா

•

ஜூலை 15

அக்காவுக்கு,

நலம். இங்கே மழை. என் மாடி அறை ஒழுகுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் ஓட்டைக்கு நேராக ஒரு வாளியை வைக்கச் சொல்கிறார்.

வாலு இருக்கிறாள் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள்? பள்ளிக்குப் போகிறாளா? அவளுக்கு ஒரு பெட்டி கலர் பென்சில் தனியாக அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததா என்று அவளையே எழுதச் சொல்.

நீ கேட்டதைப் பற்றி விசாரிக்கிறேன். இப்போதைக்கு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

தம்பி

•

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

சௌக்கியமாக இரு.

பென்சில் பெட்டி கிடைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை வாலுவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆமாம், கொண்டுபோய்த்தான் கொடுத்தேன். ஜூன் முப்பதாம் தேதியிலிருந்து அவள் சித்தி வீட்டில் இருக்கிறாள். இரண்டு அறை வீட்டில் ஒரு பிள்ளையைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று சித்தி சொன்னாள். மற்ற பதினெட்டுப் பேரின் தாய்மாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் என் பிள்ளையைத்தான் விட்டேன். வேறு என்ன செய்வேன் சொல்.

உனக்கு எழுதினால் நடந்தது நடந்ததுதான் என்று ஆகிவிடுமோ என்று எழுதாமலே இருந்தேன். இரண்டு வாரத்தில் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு.

சித்தி நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாள். பிள்ளை ஏழு மணி வரைக்கும் தூங்குகிறாள். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. இருட்டுவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று ஞாயிறு சாயங்காலம் நான் கிளம்புவேன். முதல் இரண்டு வாரம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை வந்தாள். மூன்றாவது வாரம் வாசலோடு நின்றுகொண்டாள். போன வாரம் உள்ளே ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தாள். போய்ட்டு வரேன் என்றேன். "சரிம்மா" என்றாள், தலையைத் தூக்கவில்லை. உன் பென்சில்தான். நல்ல பென்சில்.

இங்கே ஆறு மணிக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. சொந்தக்காரர் இருக்கிறவர்கள் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். இல்லாதவர்களில் சிலர் குடும்பத்தோடு காலி பண்ணிக்கொண்டு போனார்கள். இன்னும் இருபது பிள்ளைகள் பள்ளிக்கே போகாமல் ரயில் பாதை ஓரம் சுற்றுகின்றன. டயர் ஆலைக்காரி மகள் பத்து வயசிலேயே தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த இளம்பெண் மறுபடியும் நோட்டோடு வந்தால், அன்றைக்கு நான் சொன்னதையே திரும்பச் சொல்லலாம். இப்போது அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

நீ விசாரிப்பதாக எழுதியிருந்தாய். தெரிந்ததா?

அக்கா

•

ஆகஸ்ட் 18

அக்கா,

நான் நன்றாக இல்லை. அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

எழுதிப் போட்டது நான்தான்.

மார்ச் கடைசியில், நான்கு இடங்களை முடிவு செய்கிற கூட்டத்துக்கு இரண்டு நாள் இருந்தது. ஒரு வெள்ளைத் தாளில், பெயர் போடாமல், கையெழுத்தை மாற்றி எழுதினேன். ரயில் பாதைக்கு அப்புறம் இருக்கிற குடியிருப்பில் நூற்று முப்பத்தாறு பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களின் பெயர்கள் டவுன் விலாசங்களில் இருக்கின்றன, தயவுசெய்து மறுபடி எண்ணுங்கள் என்று எழுதி, நெற்றிக்கண் மேஜையில் வைத்துவிட்டேன். மறுபடி எண்ணுவார்கள் என்றுதான் நினைத்தேன் அக்கா. எண்ணிக்கை என்றால் உயிரை விடுகிற மனுஷர், எண்ணாமல் இருப்பாரா என்று நினைத்தேன்.

அவர் அதை எல்லார் முன்னிலையிலும் சத்தமாகப் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நேரில் எண்ணினது ஏழு. மொட்டைக் கடுதாசி சொல்றது நூத்தி முப்பத்தாறு. எழுதினவர் யாருன்னு தெரிஞ்சா கூப்பிட்டுக் கேட்கலாம், மறுபடி ஆள் அனுப்பலாம். இதை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கொஞ்ச நேரம் எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது யோசித்தால் அவர் காத்திருந்தார் என்று தோன்றுகிறது. நான் குனிந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். வாலுவின் படிவத்தில் இருக்கிற என் கையெழுத்துதான் என் கண்ணில் நின்றது.

"சரி, பதிவேட்டுல பொய் விலாசம் இருக்குன்னு மட்டும் தெரியுது. முதல்ல அதைச் சுத்தம் பண்ணுவோம்" என்று சொல்லி, பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை எழுதச் சொன்னார். பிரதி எடுத்தது நான். மூன்று பள்ளிக்கும் மூன்று பிரதி. புதிதாக வரப்போகிற நான்கு பள்ளிகளுக்கும் வரைபடத்தில் சிவப்பு ஊசி குத்தியதும் நான்தான்.

அடுத்த திட்டம் ஐந்து வருஷம் கழித்துத்தான். அப்போது வாலுவுக்குப் பதின்மூன்று வயசு.

இதை நீ எல்லாரிடமும் சொல்லலாம். சொல்ல வேண்டாம் என்று நான் கேட்க மாட்டேன்.

தம்பி

•

அக்டோபர் 4

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரத்துக்கு மேல் ஆகிறது. இதற்குள் நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று தெரியும். தெரிந்தேதான் எழுதாமல் இருந்தேன். அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

சித்திக்குக் காய்ச்சல் வந்து தேறிவிட்டாள். உன் அத்தானுக்கு இப்போது தூரத்து லோடு, மாதம் ஒருமுறைதான் வருகிறார். வாலு வகுப்பில் மூன்றாவது வந்திருக்கிறாள். டீச்சர் வீட்டு விலாசம் கேட்டால் இப்போது தயங்காமல் சொல்கிறாளாம். சித்தி பெருமையாகச் சொன்னாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். நீ வேலையை விட்டுவிடாதே, அசட்டுத்தனமாக எதையும் செய்து வைக்காதே. நீ கெட்டது செய்ய நினைக்கவில்லை. எனக்கு அது தெரியும். பிள்ளைகளைச் சூளைக்கு ஓட்டிக்கொண்டு போனது நான். எனக்கு அதுவும் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் தண்ணீர் பிடிக்கப் போகிற இடத்தில் எங்கள் பெண்களுக்கு வேறு பேச்சே கிடையாது. பிள்ளையில்லாத வீட்டுக்குப் போக யாருக்கும் அவசரமில்லை, குடம் நிரம்பினபிறகும் நின்று பேசுகிறார்கள். மேலே எழுதிப் போட்டவன் எவன் என்று தெரியாமலே அவனைத் திட்டுகிறார்கள். டயர் ஆலைக்காரி மண்ணை வாரித் தூற்றுகிறாள். நான் மட்டும் சும்மா நின்றால் சந்தேகம் வருமே, அதனால் நானும் அவர்களோடு சேர்ந்து திட்டுகிறேன்.

முதலில் வாயளவில்தான் திட்டினேன் தம்பி. வீட்டுக்கு வந்ததும் உனக்காக வேண்டிக்கொள்வேன். இப்போதெல்லாம் சில நாள், வாலுவின் பாய் சுருட்டினபடி மூலையில் நிற்பதைப் பார்த்துவிட்டுக் குழாயடிக்குப் போகிற நாட்களில், மனசாரத்தான் திட்டுகிறேன். அவர்கள் எல்லாரையும்விட என் குரல்தான் ஓங்கி ஒலிக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு. உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது. இதையும் மனசாரத்தான் எழுதுகிறேன்.

அக்கா